கோலக்கெட்டிலில் புற்றுக்காளான் காலம்

ஏப்ரல் மாதம் கெடாவுக்குப் போகிறேன் என்றால் லங்காவிக்கா, பூஜாங் பள்ளத்தாக்குக்கா என்றுதான் கேட்பார்கள். காளானுக்கு என்று சொன்னபோது அலுவலகத்தில் சிரித்தார்கள். கேமரன் மலையில் இல்லாத காளானா என்றார் ஒருவர். அங்கே இருப்பது வளர்த்த காளான். பிளாஸ்டிக் பையில் மரத்தூளை அடைத்து வளர்ப்பது, எந்த மாதமும் கிடைக்கும். நான் தேடிப் போனது வருடத்தில் சில நாள்கள் மட்டும், அதுவும் மண்ணும் மழையும் மனம் வைத்தால் மட்டும் முளைக்கிற புற்றுக்காளான்.

கெடாவின் உட்பகுதியில் ஜனவரி, பிப்ரவரி நல்ல வறட்சி. பால்மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்த்து முடிக்கும் நேரத்தில் மழை இறங்கும். இரண்டு மூன்று கனத்த மழை பெய்தால் மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். ஈசலுக்குப் பின்னாலேயே காளான் வரும் என்பது தோட்டத்துக் கணக்கு.

சுங்கைப்பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிழக்கே பாலிங் சாலையைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் கோலக்கெட்டில். கெட்டில் ஆறு மூடா ஆற்றோடு சேருகிற இடம். வழியெல்லாம் முன்பு பால்மரம், இப்போது பாதிக்குப் பாதி செம்பனை. ஊருக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் ஒரு மாக்சிக் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழையிலை, அதன்மேல் ஈரமண் ஒட்டிய வெள்ளைக் காளான்கள். "செண்டாவான் பூசுட்" என்றார். பூசுட் என்றால் புற்று. மலாய்க்காரர்களுக்கும் அதே பெயர்தான். ஒரு கட்டு பதினைந்து வெள்ளி. எங்கே பறித்தது என்று கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. இந்தக் காளான் முளைக்கும் இடத்தைச் சொந்த மருமகளுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

என் சின்னம்மா சொல்வார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. கோலக்கெட்டிலுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பதினைந்து வயதில் பால்வாளி தூக்கி, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர். தோட்டம் விற்கப்பட்டுத் தாமான் ஆகிவிட்டது. லயம் இருந்த மேட்டிலேயே இப்போது மகனுடைய தரைவீட்டில் இருக்கிறார். தாமானின் கடைசி வரிசைக்குப் பின்னால் கம்பி வேலி, அதற்கு அப்பால் யாரோ ஒருவருடைய சிறுதோட்டத்தில் கொஞ்சம் பால்மரம் மிச்சமிருக்கிறது. விடிகாலை ஆறரைக்குக் கையில் ஒரு பழைய அரிசிப் பையுடன் என்னை எழுப்பினார்.

வேலிக்கு அப்பால் ஐம்பதடி நடந்திருப்போம். இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று. அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் மழையில் கரைந்து கோடாக வழிந்திருந்தன. லயத்து ஜனம் பால் ஊற்றிக் கும்பிட்ட புற்று அது. நிலத்தைத் திருத்த வந்த பேக்ஹோ ஓட்டுநர் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போனாராம். நாகம்மா இருக்கிறாளோ இல்லையோ, கறையான் இருந்தது. புற்றின் அடிவாரத்தில் பால்மரச் சருகைத் தள்ளிக்கொண்டு பதினேழு காளான்கள் நின்றன. சில இன்னும் விரியாமல், மூடிய குடையின் உச்சியில் சாம்பல் நிறக் கூரோடு மண்ணைத் துளைத்துக்கொண்டிருந்தன.

கை நீட்டினேன். சின்னம்மா தடுத்துவிட்டார்.

"தொடாதப்பா. எங்க நிக்குதுன்னு பாரு. எப்படி நிக்குதுன்னு பாரு. அப்புறந்தான் கை."

அவருடைய பாடம் அங்கேயே நடந்தது. புற்றிலோ புற்றடியிலோ முளைக்க வேண்டும். தலையில் கெட்டியான மூக்கு இருக்க வேண்டும். இழுத்தால் சட்டென்று வந்துவிடக் கூடாது, கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்க வேண்டும். ஒன்றின் அடித்தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரமுள்ள காளானுக்கு மண்ணுக்குள் அதைவிட நீளமாக, கீழே போகப்போக மெலிகிற வெள்ளை வேர். கடைசியில் நூல்போல் அறுந்தது. மிச்சம் கீழேயே நின்றுவிட்டது. தோண்டிப் பார்க்கலாமா என்றேன். "புத்தக் கிண்டினா அடுத்த வருஷம் வராது" என்று முடித்துவிட்டார்.

அவருக்கு மூன்று வகை தெரியும். தண்டில் தடித்த வளையம் போட்டுக்கொண்டு வருவது பெரிய புற்றுக்காளான். வளையம் இல்லாமல் முள்போல் கூரிய மூக்கோடு வருவது ஊசிக்காளான். விரல் நுனியளவில் நூற்றுக்கணக்காகத் தரையை வெள்ளையாக்கிவிட்டு வருவது அரிசிக்காளான், அதற்கு மட்டும் வேர் கிடையாது. மூன்றும் வேறுவேறாகத் தெரிந்தாலும் "ஒரே வீட்டுப் பிள்ளைங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எல்லாம் கறையான் சோறு தின்னு வளந்ததுதானே."

இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர அறிவியல் எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமல்ல.

குடையின் அடியில் விசிறி மடிப்புபோல் செவுள்கள் உள்ள காளான்களைச் சுவீடன் நாட்டு எலியாஸ் ஃப்ரீஸ் 1821இல் வரிசைப்படுத்தினார். ஏறக்குறைய எல்லாவற்றையும் அகாரிகஸ் என்ற ஒரே பெரிய கூடையில் போட்டு, வித்தித்தூளின் நிறத்தைப் பார்த்து உள்ளே பிரித்தார். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கருஞ்சிவப்பு, கறுப்பு என்று. நுண்ணோக்கி இல்லாதவரும் பார்க்கக்கூடிய அடையாளம் என்பதால் நூறு ஆண்டுக்கு மேல் அந்த முறை தாக்குப்பிடித்தது. இலங்கைப் பேராதனைத் தோட்டத்தைக் கவனித்துவந்த கார்ட்னர் உலர்த்தி அனுப்பிய காளான்களை இங்கிலாந்தில் பாதிரியார் பெர்க்லி ஆராய்ந்து 1847இல் வெளியிட்டபோது, நம் புற்றுக்காளானும் அந்தக் கூடையில் விழுந்தது. பெயர் அகாரிகஸ் யூரைசஸ். 'நல்ல வேருடையது' என்று பொருள். வேரைக் கவனித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வேர் போய்ச் சேரும் இடம் பெயரில் வரவில்லை.

அப்புறம் தொடங்கியது வீடு மாறும் படலம். கூடை பெருத்துப்போய் அகாரிகஸைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது இந்தக் காளானை எங்கே வைப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. வளையத்தைப் பார்த்தவர் ஆர்மிலேரியா என்றார். தண்டைப் பார்த்தவர் கோலிபியா என்றார். தூள் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று ஒருவர் புளூட்டியஸில் சேர்த்தார். அவர் ஜாவாவில் வேலை செய்த ஹோல்டர்மன். 1898இல் அவர் வைத்த பெயர் புளூட்டியஸ் ராஜாப். ராஜா என்று படித்துவிடாதீர்கள். ராயாப், மலாயில் கறையான். ஐரோப்பியர் வைத்த பெயர் ஒன்றுக்குள் கறையான் ஒரு மலாய்ச் சொல்லின் வழியாக நுழைந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பேராதனையில் பெட்ச் என்ற பூஞ்சை ஆய்வாளர் புற்றுகளைப் பிளந்து பார்த்து 1906இல் நீண்ட கட்டுரை எழுதினார். இதே பெட்ச்தான் 1911இல் ரப்பர் மரத்து நோய்களைப் பற்றியும் புத்தகம் போட்டவர். கடைசியில் பாரிஸைச் சேர்ந்த ரோஜர் ஹைம் 1942இல் இவற்றுக்கென்று தனிப் பேரினம் ஒன்றை ஏற்படுத்தினார். டெர்மிட்டோமைசிஸ். கறையான் பூஞ்சை என்று பொருள், வேறொன்றுமில்லை. மறு ஆண்டே நாஜிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் வதைமுகாமில் அடைத்தார்கள். அவர் உயிரோடு திரும்பி வந்து, கறையானும் காளானும் என்று ஒரு முழு நூலே எழுதினார். இடையில் சிங்கர் என்பவர் 1945இல் இதே காளான்களுக்கு ராஜாபா என்றொரு பேரினத்தை முன்வைத்தார். முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி அது நிற்கவில்லை. நின்றிருந்தால் நம் வட்டாரத்துச் சொல் ஒன்று உலகப் பெயராகியிருக்கும்.

1847இல் இருந்து 1942 வரை, தொண்ணூற்றைந்து ஆண்டுகள். புற்றுக்காளான் என்று தமிழிலும் பூசுட் என்று மலாயிலும் முதல் நாளே சொல்லிவிட்ட செய்தியைப் பெயருக்குள் கொண்டுவர அவ்வளவு காலம். இதை வைத்து நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று மார்தட்டவும் வேண்டாம். எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்ற கேள்விக்கு மரபணு ஆய்வு வந்த பிறகுதான் விடை கிடைத்தது. வித்தித்தூளின் நிறத்தை வைத்துச் சொன்ன உறவெல்லாம் போய், லையோஃபில்லேசி என்ற குடும்பத்தில் இப்போது இருக்கிறது. சின்னம்மாவின் அரிசிக்காளானும் பெரிய காளானும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் அந்த ஆய்வு உறுதி செய்தது. அரிசிக்காளான் மைக்ரோகார்ப்பஸ், ஊசிக்காளான் கிளிப்பியேட்டஸ். பேரினம் ஒன்றே. உலகம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். ஜாம்பியாவில் இருந்து 1980இல் விவரிக்கப்பட்ட ஒன்றின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். அதை எந்தச் சட்டியில் வதக்குவார்கள் என்று சின்னம்மா கேட்டார்.

கறையான் சோறு என்று அவர் சொன்னதை நான் நேரில் பார்த்தது அன்று பிற்பகல். தாமானின் மறுபக்கத்தில் புதிய சாலைக்காக மேட்டை வெட்டியிருந்தார்கள். குங்குமம் வைக்காத ஒரு புற்று பாதியாகப் பிளந்து கிடந்தது. உள்ளே சிறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் கடல்பஞ்சுபோல் மடிப்பு மடிப்பாகப் பழுப்பு நிறக் கூடு. அதன்மேல் கசகசாவைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். இதுதான் தோட்டம். வேலைக்காரக் கறையான்கள் சருகையும் மரத்தையும் தின்று, அரைகுறையாகச் செரித்ததை வெளியேற்றி அதைக்கொண்டே இந்தக் கூட்டைக் கட்டுகின்றன. கறையானால் எளிதில் செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்கிறது. வெள்ளைப் புள்ளிகளும் பதமான பழைய கூடும் கறையானுக்கு உணவு. மழை வரும்போது கூட்டில் இருந்து ஒரு வேர் மேலே கிளம்புகிறது. அந்த மூக்கு கெட்டியாக இருப்பது மண்ணைத் துளைக்கத்தான். அரிசிக்காளானுக்கு ஏன் வேர் இல்லை என்பதும் இதில் விளங்கிவிடும். கறையான் பழைய கூட்டைத் துண்டுகளாக வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது, அதில் இருந்து நேராக முளைப்பதற்கு வேர் எதற்கு?

இந்த விவசாயம் ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு தடவை தொடங்கியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. தொடங்கிய பிறகு அதை விட்டுவிட்ட கறையான் இனம் ஒன்றுகூட இல்லை. மனிதனால் மட்டும் இன்றுவரை இந்தக் காளானை வணிக அளவில் வளர்க்க முடியவில்லை. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் இதற்கு ஜிசோங் என்று பெயர், உயிரை விடுவார்கள். அங்கே வளர்த்து விற்கப்படும் 'கறுப்பு ஜிசோங்' வேறொரு பேரினம், கறையானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆகவே பதினைந்து வெள்ளி கேட்ட மாக்சிக்கிடம் பேரம் பேசாதது நல்லது என்றே நினைக்கிறேன்.

சின்னம்மாவுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய பாட்டி. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து கப்பலேறி வந்தவர். வேறு கடல், வேறு மண், பார்த்திராத பால்மரக்காடு. ஆனாலும் ஊரில் கற்ற பாடம் இங்கே அப்படியே பலித்தது. காரணம் எளிது. அங்கேயும் இங்கேயும் பூஞ்சை வளர்க்கும் கறையான்கள் உண்டு, காளானும் ஒரே பேரினம். அன்று காலை நாங்கள் பறித்ததில் தடித்த வளையமும் சாம்பல் மூக்கும் இருந்தன. டெர்மிட்டோமைசிஸ் ஹைமியின் அடையாளங்கள் அவை. அந்தச் சிற்றினத்தை 1979இல் உலகுக்கு விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். தென்னிந்தியக் காளானைப் பார்த்து அவர் எழுதியது, இங்கே மலேசிய ஆய்வாளர்களின் பட்டியலிலும் இருக்கிறது.

இன்னொரு கப்பல் பயணியையும் சொல்லிவிட வேண்டும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மருத்துவராக வந்த கோனிக், தஞ்சாவூர்ப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779இல் எழுதியபோது புற்றுக்குள் இருக்கும் பூஞ்சையையும் குறித்தார். அதே ஆண்டுகளில் அவர் சயாமுக்கும் மலாக்காவுக்கும் கப்பலில் வந்து போயிருக்கிறார். தஞ்சாவூரின் புற்றையும் நம் கரையையும் பார்த்த முதல் இயற்கையியலாளர்களில் ஒருவர்.

பாட்டியின் பாடம் பலிக்காத இடமும் உண்டு. அதை நான் பார்த்தது அதே தாமானில். இரண்டு வரிசை தள்ளி ஒரு குடும்பம். போன ஆண்டு பிள்ளைகள் பந்து விளையாடும் புல்திடலில் மழைக்குப் பிறகு வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய குடைகளாக முளைத்திருக்கின்றன. தண்டில் வளையமும் இருந்திருக்கிறது. தோட்டத்தில் பாட்டி சமைத்துக் கொடுத்ததுபோலவே இருக்கிறது என்று அந்த வீட்டு மருமகள் பறித்துப் பிரட்டியிருக்கிறார். பூண்டு போட்டு, நிறம் மாறவில்லை என்று பார்த்துவிட்டுத்தான். சாப்பிட்ட நான்கு பேருக்கும் இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். சின்னப் பையனுக்கு மூன்று நாள் மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர் என்னிடம் சொன்னது: "அண்ணே, நான் கண்டதைப் பறிச்சு சமைக்கிற ஆளு இல்ல. சின்ன வயசுல தின்னதுதான்னு நம்பினேன்."

அவர் பறித்தது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இதுவும் செவுள் உள்ளது, இதுவும் வெள்ளை, வெப்ப நாடுகளின் புல்திடல்களுக்கு இது பழைய குடித்தனக்காரர். குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும், மழையில் அவை உதிர்ந்துபோவதும் உண்டு. அதற்கு மூக்கு கிடையாது, வேர் கிடையாது, கறையான் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் குடையின் ஞாபகம் மட்டும் வந்திருக்கிறது. புற்றும் வேரும் ஞாபகத்தில் இருந்து விடுபட்டுப் போயின. புற்றே இல்லாத தாமானில் அவை எப்படி நினைவில் இருக்கும்? பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் பேச்சு. ஆளைக் கொல்லும் காளான்கள் அந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிடும்.

பழைய ஃப்ரீஸின் முறை இங்கே கைகொடுக்கிறது. அன்று இரவு புற்றில் பறித்த ஒன்றையும், திடலில் இருந்து கையுறை போட்டு எடுத்துவந்த ஒன்றையும் தண்டை நீக்கிவிட்டுச் செவுள் கீழே இருக்கும்படி தனித்தனி வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். மேலே ஆளுக்கொரு மங்கு மூடினேன். தாளில் தூள் விழ ஓர் இரவு போதும். எடுத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதைச் செய்து பார்த்துவிட்டதால் மட்டும் எந்தக் காளானையும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. தின்னக் கூடாததை ஒதுக்க உதவும், அவ்வளவுதான். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மாக்சிக்கிடம் வாங்குங்கள், அல்லது கேமரன் காளானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற பதினாறையும் சின்னம்மா இரவே சமைத்துவிட்டார். மண்ணைத் துடைத்து, கையால் நாராகக் கிழித்து, சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், இறங்கும்போது ஒரு கை தேங்காய்ப்பால். கோழியின் நெஞ்சுக்கறிபோல் நார் நாராக, ஆனால் கோழிக்கு இல்லாத ஒரு மண்வாசத்தோடு இருந்தது. மகன் வேலையில் இருந்து வர நேரமானதால் அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தார்கள். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குச் சந்தேகம், பேத்தி அடுக்களைப் பக்கம் இரண்டு தடவை போய் வந்தாள்.

காலையில் மங்குகளைத் தூக்கினோம். புற்றுக்காளானின் கீழே செவுளின் ஒவ்வொரு கோடும் தெரிய, வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு வட்டம். திடல் காளானின் கீழே பாசி பிடித்த தொட்டித் தண்ணீர்போல் பச்சை. இரண்டு வரிசை தள்ளி இருக்கும் அந்த மருமகளைக் கூட்டிவரச் சொன்னார் சின்னம்மா. அவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பச்சைத் தாளை வெகுநேரம் பார்த்தார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சின்னம்மாவிடம், அந்தப் புற்று எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு வா" என்றார் சின்னம்மா.